பெட்டிக்குள் அந்தோனியார்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சவரிராஜ் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டான். அது கம்மென்று இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். வழக்கமாக முதலில் உள்ளே விசிறி உறுமும், பிறகு உள்ளங்கை அகலத் திரையில் பச்சையாக ஒரு கோடு மினுக்கும். அன்றைக்கு உறுமலும் இல்லை, மினுக்கலும் இல்லை.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி ரூபி கத்தியை அப்படியே நிறுத்தினாள். நிறுத்தக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பெட்டிக்குள் புனித அந்தோனியார் உருவம் பொறித்த ஒரு சின்ன உலோகச் சுரூபத்தை நழுவவிட்டவள் அவள்தான்.

இப்படிச் செய்யாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ரூபி பிறந்து வளர்ந்த செம்பவாங் வீட்டில் அரிசி டின்னுக்குள் ஒரு சுரூபம் கிடக்கும். தலையணை உறைக்குள் ஒன்று, பரீட்சைக்குப் போகிற தம்பியின் கால்சட்டைப் பையில் ஒன்று. முக்கியமான எதையும் புனிதர் ஒருவர் துணையில்லாமல் தனியாக விடுகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது. கல்யாணமாகி மார்சிலிங் அடுக்குமாடிக்குக் குடிவந்ததும் வாசல் நிலைக்கு மேலே ஒன்றை ஆணியடித்து வைத்தாள். அவளுடைய தையல் மெஷின் இழுப்பறைக்குள்கூட ஒரு மாதா உண்டு. அப்படிப்பட்டவள், குடும்பத்தின் தலையெழுத்தே அடங்கிக் கிடக்கிற ஒரு பெட்டியை மட்டும் அம்போவென்று விடுவாளா? சவரிராஜ் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து, சூடு வெளியேறுவதற்காகப் பெட்டியின் மேற்புறம் விட்டிருந்த பிளவு வழியே, ஐந்து காசு அளவுள்ள அந்தச் சுரூபத்தை உள்ளே தள்ளினாள். தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோனியார், தொலைந்த வேலையையும் தேடித் தரட்டும் என்று மூன்று அருள்நிறை மந்திரமும் சொன்னாள். உள்ளே எங்கேயோ 'டிங்' என்று கேட்டது. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நிம்மதியாகச் சோறு வைக்கப் போனாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு ஒரு ராத்திரிதான்.

வேலை தொலைந்து பத்து மாதமாகியிருந்தது. எண்பத்தைந்தில் கப்பல் வரத்து குறைந்து, பட்டறைகள் ஆட்களைக் குறைத்தபோது, பதினாறு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்த சவரிராஜையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம், ரிப்பேருக்கு வந்த ஒரு கப்பலின் நார்வேக்கார அதிகாரி, இது செத்துப்போய்விட்டது, கடலில் போடுவதற்குப் பதில் நீ வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் அது. கையில் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகலாம் என்பதுதான் அதன் பெருமை. எடுத்துப் பார்த்தால் பதின்மூன்று கிலோ. தையல் மெஷினைப் பெட்டியில் போட்டு மூடி, மேலே ஒரு கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. சவரிராஜ் அதைப் பிரித்துப் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்து உயிர் கொடுத்தான். வேலை போனபிறகு தேக்காவில் பழைய புத்தகம் வாங்கி, ப்ரோக்ராம் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டான். கப்பல் உதிரிபாகத்தின் எண்ணைத் தட்டினால் அது எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது, எத்தனை மிச்சம், எந்த எஞ்சினுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் சொல்கிற ப்ரோக்ராம். பத்து மாதமும் அதுதான் அவனுக்கு வேலை. சிராங்கூன் ரோட்டில் சம்சுன்னிசா அக்காவின் தையற்கடையில் ரூபி ரவிக்கை தைத்துத்தான் வீடு ஓடியது.

பழைய கூட்டாளி யாக்கூப் இப்போது கிளமெண்டிப் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் லாரி ஓட்டினான். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள, கம்ப்யூட்டரும் கப்பல் சாமானும் இரண்டுமே தெரிந்த ஆள் தேடினார்கள். யாக்கூப் முதலாளி மிஸ்டர் கோவிடம் சவரிராஜைப் பற்றிச் சொல்லப்போக, அவர் பேச்செல்லாம் வேண்டாம், மெஷினைக் கொண்டுவந்து ஓடவிட்டுக் காட்டச் சொல் என்று நாளும் நேரமும் குறித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை, மூன்று மணி. அந்தச் செவ்வாய்தான் இது.

சவரிராஜ் பிளக்கைக் கழற்றினான். அதை இரண்டாகத் திறந்து உள்ளே பார்த்தான். கம்பி சரியாக இருந்தது. இஸ்திரிப்பெட்டியைப் போட்டுப் பார்த்தான், அது சுட்டது. ஆகவே சுவரில் கரண்ட் இருக்கிறது. சோதனை மீட்டரை எடுத்துவந்து கம்பியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான், முள் நன்றாகத்தான் நகர்ந்தது. டிஸ்க் நுழைக்கிற வாயைப் பஞ்சால் துடைத்தான். விசைப்பலகையின் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். ஒவ்வொன்றும் முடிந்ததும் சுவிட்சைப் போடுவான், கம்மென்று இருக்கும், அடுத்ததற்குப் போவான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் ரூபியை இன்னும் பயமுறுத்தியது.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை ஈரக்கையோடு ஹாலுக்கு வந்தாள். இரண்டு தடவையும் வாய் வரைக்கும் வந்தது வெளியே வரவில்லை. பத்து மாத உழைப்பை ஒரு நிமிஷத்தில் நான்தான் குழிதோண்டிப் புதைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? மூன்றாவது தடவை வந்தவள், கதவில் சாய்ந்துகொண்டு, பட்டும் படாமலும் கேட்டாள்.

"ஏங்க, அதுக்குள்ள இரும்பு மாதிரி ஏதாச்சும் விழுந்துட்டா கெட்டுப்போயிடுமா?"

"கரப்பான்பூச்சி விழுந்தாலே கெட்டுப்போயிடும்," என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

ரூபி அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். கரப்பான்பூச்சிக்கே கெட்டுப்போகும் என்றால் அந்தோனியாருக்கு என்ன ஆகும்? நறுக்கின வெங்காயத்தையே மறுபடி நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு நல்லவேளையாக அது ஒரு சாக்கு. அந்தோனியாரிடமே முறையிடலாம் என்றால், அவரே உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கிறார்.

பதினொன்றரை மணிக்கு டெலிபோன் அடித்தது. ரூபிதான் எடுத்தாள். யாக்கூப். மூன்று மணிக்கு பாஸ் காத்திருப்பார், லேட் பண்ண வேண்டாம், மூன்றரைக்கு இன்னொரு ஆள் வருகிறான், பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கின சின்னப் பையன் என்று சொன்னான். சவரிராஜ் தரையில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினான்.

"மெஷின் கெட்டுப்போச்சு, வரலேன்னு சொல்லிடு," என்றான் மெதுவாக.

மணி பதினொன்றரைதான். கிளமெண்டிக்குக் கிளம்ப இரண்டு மணிவரைக்கும் நேரம் இருந்தது. இவ்வளவு சீக்கிரம் இவன் எதையும் கைவிட்டு அவள் பார்த்ததில்லை. செத்துப்போனதென்று ஒரு வெள்ளைக்காரன் தூக்கிப்போட்ட பெட்டியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினவன். ஆனால் ரூபிக்கு அப்போது அதைப் பற்றி யோசிக்க மனசில் இடமில்லை, எல்லா இடத்தையும் சுரூபம் அடைத்துக்கொண்டிருந்தது. தன்னால்தான் இந்த மனுஷன் இப்படி நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. அவன் கையாட்டியதைப் பார்க்காதவள் மாதிரி, கட்டாயம் வந்துவிடுவார் அண்ணே என்று யாக்கூபிடம் சொல்லிப் போனை வைத்தாள்.

இனிமேல் மறைத்தால் பாவம் இரட்டிப்பாகிவிடும் என்று தோன்றியது. அவன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். அடிச்சாலும் சரி, திட்டினாலும் சரி. நேத்து சாயங்காலம் நீங்க சலூனுக்குப் போனப்ப, இதுக்குள்ள அந்தோனியார் சுரூபம் போட்டேன். உங்களுக்கு வேலை கிடைக்கணும்னுதான் போட்டேன். அதான் கெட்டுப்போச்சு."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் சவரிராஜ் அவளை அடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு அடித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை. விரலிடுக்கில் பார்த்தாள். வாயைக் கொஞ்சம் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் இல்லை. தெருவில் எதிரே வருகிறவரைப் பார்க்க வெட்கப்பட்டு ஒதுங்குவோமே, அப்படி இருந்தது.

"அழாத ரூபி. அதனால இல்ல," என்றான்.

சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். சின்னக் கண்ணாடிக் குழாய், இரண்டு பக்கமும் வெள்ளிப் பூண், நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கம்பி. ஃபியூஸ்.

"காலைல நீ பூசைக்குப் போனப்ப நான்தான் கழட்டினேன்."

ரூபிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திருகுமூடி. காலையிலிருந்து அவன் தொடாத ஒரே இடம் அதுதான். வீட்டில் சோற்றுக்குக்கர் நின்றாலும் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றாலும் முதலில் ஃபியூஸைத்தானே பார்ப்பான் இந்த மனுஷன். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தவளுக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, அந்த மீட்டரை எடுத்து அவன் தலையில் போடலாமா என்கிற கோபம். ஒன்றரை மணி நேரம் அவளை வெங்காயத்தோடு அழவிட்டு, ஒன்றுமே தெரியாதவன் மாதிரி பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தானே. ஏன் என்று கேட்டாள்.

சவரிராஜ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அங்க கொண்டுபோய் வச்சு, நான் இங்கிலீஷ்ல தடுமாறி, இதெல்லாம் ஒரு ப்ரோக்ராமான்னு அவர் கேட்டுட்டாருன்னா, இந்தப் பத்து மாசமும் ஒண்ணுமில்லேன்னு ஆயிடும் லா. மெஷின் கெட்டுப்போச்சுன்னா யாரும் என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முன்னால் நடந்தவை ஒவ்வொன்றாக ரூபிக்கு ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு இடத்துக்கு இன்டர்வியூவுக்குப் போய், சர்டிஃபிகேட் எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்று வந்து சொன்னான். மூன்றாவது இடத்துக்கு மழை என்று போகவில்லை. அதற்குப்பிறகு காப்பிக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு ஓஃபிர் ரோடு கோவிலுக்குப் போனால், பூசை முடிந்ததும் வாசலில் நின்று நாலு பேரிடம் பேசுவான் முன்பெல்லாம். இப்போது கடைசிப் பாட்டு முடிவதற்குள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுகிறான். இவ்வளவும் கண்முன்னால் நடந்தும் அவள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் போகவில்லை, ஆனால் அதன் பக்கத்தில் பரிதாபமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீங்க போகலேன்னா நான் கோபப்படுவேன்," என்றாள். "ரொம்ப நாளைக்குக் கோபமாத்தான் இருப்பேன். இப்பவே சொல்லிடுறேன்."

அவன் ஃபியூஸை அவள் கையிலிருந்து எடுத்தான். பின்பக்க மூடியைத் திருகி, உள்ளே போட்டு மூடினான். கை சுவிட்சுக்குப் போனது. ரூபி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சுரூபம் உள்ளதாங்க இருக்கு."

இருவருமாகப் பெட்டியைக் கவிழ்த்து திருகாணிகளைக் கழற்றினார்கள். மொத்தம் பதினொன்று. அவன் கழற்றக் கழற்ற அவள் கிண்ணத்தில் வாங்கினாள். அதில் இரண்டு தெறித்து அலமாரிக்கு அடியில் உருண்டு போயின. உறையைத் தூக்கியதும் சவரிராஜ் டார்ச் அடித்தான். ஓரமாக, கரண்ட் உள்ளே வருகிற பலகையின் மேல், இரண்டு ஈயப் பொட்டுகளுக்குக் குறுக்கே பாலம் போட்ட மாதிரி, கையில் குழந்தை இயேசுவோடு அந்தோனியார் படுத்திருந்தார்.

சவரிராஜ் தொடவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த இரண்டு பொட்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று விரலால் காட்டினான். காலையில் ஃபியூஸ் இருந்து, நான் சுவிட்சைப் போட்டிருந்தால், ஃபியூஸ் எரிவதற்குள்ளேயே பலகை கருகி எல்லாம் முடிந்திருக்கும், அப்புறம் இதற்குச் சாமான் தேட நார்வேக்குத்தான் போகவேண்டும் என்றான். ரூபியின் பக்தி எரிக்க இருந்த பெட்டியை அவன் கோழைத்தனம் காப்பாற்றியிருக்கிறது. இதில் யார் யாரைத் திட்டுவது? இருவருமே திட்டவில்லை. அவன் இடுக்கியால் சுரூபத்தை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கித் தலையைக் குனிந்துகொண்டே இழுப்பறையில் போட்டு மூடினாள்.

மணி ஒன்றே கால். ஒன்பது ஆணிதான் இருந்தது, உறை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. அலமாரியை நகர்த்த நேரமில்லை. ரூபி தையல் கூடையிலிருந்து பாவாடைக்குப் போடுகிற அகல எலாஸ்டிக்கை எடுத்துவந்து பெட்டியைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். சவரிராஜ் சுவிட்சைப் போட்டான். விசிறி உறுமியது. பச்சைக் கோடு மினுக்கியது. ரூபி பெருமூச்சு விட்டாள். அவன் விடவில்லை. அணைத்துவிட்டு, குளிக்கிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை ரூபி தாங்கினது பெரிய காரியம். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வரமாட்டான், உள்ளேயே உட்கார்ந்துவிட்டான் என்று அவளுக்குப் பட்டது. கதவைத் தட்டினால் தன்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைப்பான். தட்டாவிட்டால் இரண்டு மணி ஆகிவிடும். தட்டக் கையை ஓங்கியபோது தாழ்ப்பாள் நகர்ந்தது. கிளம்புகிறபோது செருப்பை மாட்டிக்கொண்டே, யாரோ மூன்றாம் மனுஷருக்குச் சொல்வதுபோல, நீயும் வா என்றான்.

அவர்கள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தில்தான் நிற்கும். இரண்டு மாடி, கைப்பிடியின் ஒரு பக்கத்தை அவனும் மறுபக்கத்தை அவளுமாகப் பிடித்து, படிக்குப் படி நின்று இறக்கினார்கள். டாக்ஸியில் பெட்டியை இருவருக்கும் நடுவில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சிக்னலிலும், இப்போது கதவைத் திறந்து இறங்கிவிடுவானோ என்று அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனியில் மிஸ்டர் கோவின் அறைக்குப் பலகைத் தடுப்புதான். ரூபியை வெளியே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் விசிறி உறுமுவது கேட்டது. அப்புறம் சவரிராஜின் ஆங்கிலம். முதல் ஐந்து நிமிஷம் அது நொண்டியது. பிறகு பம்ப், வால்வு, கேஸ்கெட் என்று சாமான் பெயர்கள் வர ஆரம்பித்தன. பதினாறு வருஷம் கையில் பிடித்தவை. அவற்றைப் பற்றிப் பேச அவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? குரல் கொஞ்சம் ஏறியது.

அப்போது மிஸ்டர் கோ, இதை ஏன் எலாஸ்டிக் போட்டுக் கட்டியிருக்கிறாய் என்று கேட்டார்.

ஆணி தொலைந்துவிட்டது என்று சொன்னால் போதும், பொய்யும் இல்லை. அவன் அதைச் சொல்லவில்லை. காலையில் மெஷின் ஓடவில்லை, திறக்கவேண்டி வந்தது, மனைவி உள்ளே ஒரு புனிதரின் பதக்கத்தைப் போட்டிருந்தாள் என்றான். யாரோ சிரித்தார்கள். ரூபிக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஓ, அதனால்தான் ஓடவில்லையா என்று மிஸ்டர் கோ கேட்டார்.

இல்லை என்றான் சவரிராஜ். ஓடாததற்கு அது காரணமில்லை, நான்தான் ஃபியூஸைக் கழற்றி வைத்திருந்தேன், இங்கே வரப் பயமாக இருந்தது, சார், என்றான். திக்காமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

சிரிப்பு நின்றுவிட்டது. முடிந்தது கதை என்று ரூபி நினைத்தாள். எந்த முதலாளி இப்படிச் சொல்கிறவனை வேலைக்கு வைப்பான்? நாற்காலி ஒன்று நகரும் சத்தம். சில விசைகள் தட்டப்பட்டன, இந்தத் தடவை மெதுவாக, ஒற்றை விரலால். மிஸ்டர் கோதான் தட்டிப் பார்க்கிறார் போலிருக்கிறது. ரொம்ப நேரம் தட்டினார். பிறகு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரமுடியுமா, 'கேன் ஆர் நாட்' என்று கேட்டார்.

பதில் வரவில்லை.

அந்த மௌனம் ரூபிக்குத் தெரியும். காலையிலிருந்து வீட்டில் இருந்தது அதுதான். எழுந்துபோய் அவனுக்குப் பதில் தான் சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. யாக்கூபிடம் போனில் சொன்ன மாதிரி, கட்டாயம் வந்துவிடுவார் என்று ஒரு வார்த்தை. எழுந்திருக்கவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை அவன்தான் சொல்லவேண்டும்.

"கேன், சார்," என்றான் சவரிராஜ்.

குரல் நடுங்கித்தான் வந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து ரூபியைப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று ரூபி அழுதாள்.